அலுவலக வைஃபையிலும் கிளவுட் கணக்கிலும் யாரோ நுழைந்ததுபோல் தெரிந்தால்: அறிகுறிவாரியாகப் பார்க்கும் முறை

பத்து இருபது பேர் வேலை செய்யும் அலுவலகங்களுக்காக எழுதியது இது. ஒரு ஃபைபர் இணைப்பு, ஒரு ரூட்டர், கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் மெயில், அமேசானின் ஏடபிள்யூஎஸ் போன்ற கிளவுட் சேவையில் ஒரு சர்வர்: பெரும்பாலான இடங்களில் இருப்பது இவ்வளவுதான். உங்களுக்குத் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு பிடிப்பது கடைசியிலும் இருக்கும்.

எதைத் தொடுவதற்கு முன்பும் இரண்டு விஷயங்கள். திரையில் தெரிவதைத் தேதி, நேரத்துடன் படம் பிடித்து வையுங்கள். ரூட்டரை ரீசெட் செய்தாலோ சர்வரை அழித்தாலோ தடயமும் கூடவே போய்விடும். அடுத்தது, சந்தேகத்துக்குரிய கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். அதில் திருட்டு நிரல் இருந்தால் புதிய பாஸ்வேர்டும் அதே கையோடு போகும். வேறொரு போனில், அலுவலக வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் செய்யுங்கள்.

## அறிகுறி 1: வைஃபை மந்தம், பட்டியலில் தெரியாத சாதனம்

முதலில் வைஃபையை ஓரம் கட்டுங்கள். ரூட்டரில் நேரடியாகக் கேபிளைச் செருகி வேகம் பாருங்கள். கேபிளிலும் மந்தம் என்றால் இணைப்பு நிறுவனத்தைக் கூப்பிடும் வேலை; இந்தப் பகுதியை விட்டுவிடலாம்.

கேபிளில் சரியாக இருந்தால் ரூட்டரின் பக்கத்தைத் திறங்கள். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள்.

பெயரில்லாத சாதனங்கள் நிறைய இருக்கின்றன. பதறாதீர்கள். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய்யான மேக் முகவரியை (சாதனத்தின் வைஃபை அடையாள எண்) காட்டுகின்றன. மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது அப்படி உருவாக்கப்பட்ட முகவரி. பெரும்பாலும் உங்கள் ஊழியர் ஒருவரின் போன்தான். எல்லாரையும் ஒரு நிமிடம் வைஃபையை அணைக்கச் சொல்லுங்கள். அப்போதும் பட்டியலில் நிற்பது எது என்று பாருங்கள்.

எல்லாரும் அணைத்த பிறகும் ஒன்று நிற்கிறது. பிரிண்டர், சிசிடிவி பெட்டி, டிவி, வருகைப் பதிவுக் கருவி இவற்றைக் கழித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால் பாஸ்வேர்டு வெளியே போயிருக்கிறது.

எப்படிப் போயிருக்கும்? வேலையை விட்டுப் போனவரின் போனில் இன்னும் இருக்கலாம். கடையின் போன் எண்ணையே வைஃபை பாஸ்வேர்டாக வைக்கும் பழக்கம் அடுத்த காரணம். இந்திய மொபைல் எண் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்கும்; ஆக மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வினாடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதிக்கும். கணக்குப் போட்டால் 4,000 வினாடி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போன் எண் பெயர்ப்பலகையிலேயே இருந்தால் அந்த ஒரு மணி நேரமும் தேவையில்லை. மூன்றாவது காரணம் டபிள்யூபிஎஸ், அதாவது பாஸ்வேர்டு அடிக்காமல் பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் வசதி. எட்டு இலக்க பின்னை அது இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சி போதும் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் பழைய பெட்டிகள் பலவற்றில் இன்னும் திறந்தே இருக்கிறது.

செய்ய வேண்டியவை: டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்று வையுங்கள். பழைய முறைகளான டிகேஐபி, டபிள்யூஇபி இரண்டும் வேண்டாம். பாஸ்வேர்டு 16 எழுத்துக்குக் குறையாமல், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களாக இருக்கட்டும். விருந்தினருக்குத் தனி கெஸ்ட் நெட்வொர்க் திறந்து, வாடிக்கையாளர் கேட்டால் அதை மட்டும் கொடுங்கள். மேக் முகவரி வடிகட்டியில் நேரம் செலவிட வேண்டாம்; முகவரியைப் போலி செய்வது சுலபம், ஊழியர் போன்களின் முகவரியும் மாறலாம்.

பில்லிங் கணினியும் சிசிடிவியும் வாடிக்கையாளர் வைஃபையும் ஒரே வலையில் இருந்து, ரூட்டரில் கெஸ்ட் வசதியும் இல்லை என்றால் விலான் (ஒரே வலையைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் முறை) பிரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

## அறிகுறி 2: சரியான முகவரியை அடித்தும் வேறு பக்கம் வருகிறது

ஒரு கணினியில் மட்டும் வருகிறது. குறை அந்தக் கணினியில். பிரவுசர் எக்ஸ்டென்ஷன்களை எல்லாம் நீக்கிப் பாருங்கள். பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும். பிறகு நெட்வொர்க் செட்டிங்கில் ப்ராக்ஸி (இடையில் நிற்கும் சர்வர்) போடப்பட்டிருக்கிறதா, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) கையால் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா சாதனத்திலும் வருகிறது, மொபைல் டேட்டாவில் சரியாக இருக்கிறது. ரூட்டரின் டிஎன்எஸ்ஸை மாற்றியிருக்கிறார்கள். வான் (வெளி இணைப்பு) பக்கத்திலும் டிஹெச்சிபி (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் அமைப்பு) பக்கத்திலும் டிஎன்எஸ் எண்களைப் பாருங்கள். இணைப்பு நிறுவனத்தின் எண்ணோ, 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9 போன்ற தெரிந்த எண்ணோ இருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் பார்ப்பது முக்கியம். ஒன்றை மட்டும் திருத்திவிட்டு, மறுநாள் அதே குறை என்று மறுபடி தொடங்குபவர்கள் அதிகம்.

எண்ணை மாற்றினால் போதாது. நுழைந்த வழியை அடைக்க வேண்டும்: ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு இன்னும் "அட்மின்" என்றே இருக்கிறதா, வெளியிலிருந்து ரூட்டரை இயக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் திறந்திருக்கிறதா, ரூட்டரின் உள்மென்பொருளான ஃபர்ம்வேர் எந்த ஆண்டுடையது? தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட மாடல் என்றால் எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வரும். புதிய ரூட்டர் வாங்குவதே தீர்வு. இணைப்பு நிறுவனம் கொடுத்த பெட்டியில் ஃபர்ம்வேரை நீங்கள் மாற்ற முடியாது. அதை பிரிட்ஜ் முறையில் (இணைப்பை மட்டும் கடத்தும் பெட்டியாக) வைக்கச் சொல்லி, பின்னால் உங்கள் சொந்த ரூட்டரை இணைத்துக்கொள்ளுங்கள்.

வங்கிப் பக்கத்தில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் எந்தக் காரணத்துக்காகவும் "தொடர்க" அழுத்தாதீர்கள். ஏற்கெனவே அழுத்தி பாஸ்வேர்டும் கொடுத்தாயிற்றென்றால் ரூட்டர் அப்புறம். வங்கியை இப்போதே அழையுங்கள்.

## அறிகுறி 3: வைஃபை அடிக்கடி அறுகிறது, மறுபடி பாஸ்வேர்டு கேட்கிறது

முக்கால்வாசி நேரம் இது தாக்குதல் இல்லை. ரூட்டரின் அடாப்டர் பலவீனமாகியிருக்கும், அல்லது பக்கத்துக் கடைகளின் வைஃபை எல்லாம் ஒரே சேனலில் மோதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய மூன்றில் காலியாக இருப்பதைத் தேர்ந்து, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்து ஒரு நாள் பாருங்கள். அடாப்டரை மாற்றும்போது அதே வோல்ட், அதே அல்லது அதிக ஆம்பியர்.

அப்படியும் எல்லாச் சாதனமும் ஒரே நொடியில் கழன்று ஒரே நொடியில் திரும்புகிறது, ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகவில்லை என்றால் யாரோ "இணைப்பைத் துண்டி" என்ற போலிச் செய்தியை அனுப்புகிறார்கள் என்று சந்தேகிக்கலாம். திரும்ப இணையும்போது சாதனமும் ரூட்டரும் பாஸ்வேர்டைச் சரிபார்க்கப் பரிமாறும் செய்திகளை (கைகுலுக்கல்) பதிவு செய்து, பிறகு சாவகாசமாக பாஸ்வேர்டைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். மேலே சொன்ன 4,000 வினாடிக் கணக்கு இங்கேதான் வேலை செய்கிறது. ரூட்டரில் இத்தகைய போலிச் செய்திகளைத் தடுக்கும் பிஎம்எஃப் என்ற அமைப்பு இருந்தால் முதலில் "ஆப்ஷனல்" என்று வையுங்கள். பழைய பிரிண்டர்கூட இணைகிறது என்று உறுதியானபின் "ரிக்வயர்டு" ஆக்குங்கள். டபிள்யூபிஏ3யில் இது கட்டாயமாகவே இருக்கிறது.

உங்கள் வைஃபை பெயரிலேயே, பாஸ்வேர்டு இல்லாமல், இன்னொரு வலை தெரிகிறதா? இணைந்தவுடன் ஒரு வலைப்பக்கம் திறந்து "ஃபர்ம்வேர் புதுப்பிக்க வைஃபை பாஸ்வேர்டு கொடுங்கள்" என்கிறதா? ரூட்டர் ஒருபோதும் அப்படிக் கேட்காது. அது இரட்டை வலை. யாரும் இணைய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேபிளில் வேலை செய்யுங்கள். சிக்னல் எந்தப் பக்கம் வலுக்கிறது என்று போனை வைத்து நடந்து பார்க்கலாம்; ஆளைக் கண்டுபிடித்தாலும் நீங்களே போய்ச் சண்டை போடாமல் போலீசில் புகார் கொடுங்கள்.

## அறிகுறி 4: போனில் திடீரென சிக்னல் இல்லை, ஓடிபி வரவில்லை

ஏரோப்ளேன் மோடை ஒரு தரம் போட்டு எடுங்கள். சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து நபருக்குச் சிக்னல் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அவருக்கு இருக்கிறது, உங்கள் சிம் வேறு போனிலும் "பதிவாகவில்லை" என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். உங்கள் எண்ணில் வேறொருவர் சிம்மோ ஈசிம்மோ எடுத்திருக்கலாம். வேறு போனிலிருந்து முதலில் வங்கிக்கு அழைத்து நெட் பேங்கிங்கையும் யூபிஐயையும் முடக்கச் சொல்லுங்கள். அடுத்து சிம் நிறுவனத்துக்கு. மெயிலின் மீட்பு எண் அதுவே என்றால் உடனே மாற்றுங்கள். உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

சிக்னல் இருக்கிறது, அழைப்பு மட்டும் வரவில்லை என்றால் போன் செயலியின் செட்டிங்கில் கால் ஃபார்வர்டிங் திறந்து பாருங்கள். கூரியர்காரர் என்று சொல்லி நட்சத்திரக் குறியில் தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னவர் யாராவது உண்டா என்றும் நினைவுபடுத்திப் பாருங்கள்.

## அறிகுறி 5: நாம் அனுப்பாத மெயில் போகிறது, வர வேண்டிய மெயில் வரவில்லை, இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது

அலுவலகங்களுக்குப் பண இழப்பு பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறது. ஆகவே நிதானமாகப் பாருங்கள்.

முதலில் பிரிக்க வேண்டியது: மெயில் உங்கள் கணக்கிலிருந்தே போனதா, உங்கள் பெயரைப் போட்டு வெளியிலிருந்து போனதா? பெற்றவரிடம் அந்த மெயிலைத் திறந்து "ஷோ ஒரிஜினல்" பார்க்கச் சொல்லுங்கள். மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று வரிகள் இருக்கும். "ஃபெயில்" என்று இருந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து போனது. உங்கள் டொமைனில் அந்த மூன்று பதிவுகளைச் சரிசெய்தால் போதும். டிமார்க்கை முதலில் "நன்" (நடவடிக்கை இல்லை) என்று வைத்து, அறிக்கைகளில் உங்கள் சொந்த பில்லிங் மென்பொருளின் மெயில்கள் தேறுவதைப் பார்த்தபின் "குவாரன்டைன்", பிறகு "ரிஜெக்ட்". அவசரப்பட்டு நேராக ரிஜெக்ட் போட்டால் உங்கள் இன்வாய்ஸ்களே வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராது. மூன்றும் "பாஸ்" என்றால் அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒரே ஒரு எழுத்து மாறிய டொமைனை வாங்கியும் அனுப்புவார்கள்.

முகவரியும் எழுத்து மாறாமல் உங்களுடையதே என்றால் மெயில் உங்கள் கணக்கிலிருந்தே போயிருக்கிறது. வரிசை முக்கியம்:

1. சுத்தமான சாதனத்தில் மீட்பு மெயிலும் மீட்பு எண்ணும் உங்களுடையவையா என்று பாருங்கள். இதை விட்டுவிட்டு பாஸ்வேர்டை மாற்றினால், வந்தவர் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தித் திரும்ப எடுத்துக்கொள்வார்.
2. பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றுங்கள். மைக்ரோசாஃப்ட் 365இல் நிர்வாகி "ரிவோக் செஷன்ஸ்" அழுத்த வேண்டும்.
3. ஜிமெயில் செட்டிங்கில் ஃபில்டர்கள், ஃபார்வர்டிங், "சென்ட் மெயில் ஆஸ்", கணக்கைத் திறக்க வேறொருவருக்குக் கொடுத்த அனுமதி ஆகிய நான்கையும் பாருங்கள். அவுட்லுக்கில் ரூல்ஸ் பாருங்கள். "பேமென்ட்", "இன்வாய்ஸ்" என்ற சொல் உள்ள மெயில்களை யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்குத் தள்ளுவது இவர்கள் வழக்கமாகச் செய்வது. மெயில் "வரவில்லை" என்று நீங்கள் நினைப்பது இதனால்தான்.
4. கூகுள் கணக்கில் இணைத்த செயலிகள், ஆப் பாஸ்வேர்டுகள். தெரியாததை எல்லாம் நீக்குங்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் சில செயலி அனுமதிகள் உயிரோடு இருக்கும்.
5. ஜிமெயிலைக் கணினியில் திறந்தால் கீழே வலது மூலையில் "டீடெய்ல்ஸ்" இருக்கும். சமீபத்தில் எந்த ஐபியிலிருந்து திறந்தார்கள் என்பது அங்கே தெரியும், படம் பிடியுங்கள். மைக்ரோசாஃப்டின் இலவச நிலையில் நுழைவுப் பதிவுகள் 7 நாள்தான் நிற்கும், அன்றே இறக்கிவையுங்கள்.

இருபடிச் சரிபார்ப்பு இருந்தும் நுழைந்துவிட்டார்கள். அப்படியானால் பாஸ்வேர்டை விட்டுவிட்டு, பிரவுசரில் ஏற்கெனவே திறந்திருந்த செஷன் குக்கியை (லாகின் ஆனதை நினைவில் வைக்கும் சிறு பதிவு) திருடியிருப்பார்கள். போலி லாகின் பக்கம் வழியாகவும் இது நடக்கும். கள்ள உரிமம் போட்ட மென்பொருளோடு வந்த திருட்டு நிரல் வழியாகவும் நடக்கும். அந்தக் கணினியில் ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு "சுத்தம்" என்று நம்ப வேண்டாம். கோப்புகளைப் பத்திரப்படுத்தி விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். அதன்பின் ஓடிபிக்குப் பதிலாகப் பாஸ்கீ (சாதனத்தின் பூட்டாலேயே நுழையும் முறை) அல்லது யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி வையுங்கள். போலிப் பக்கத்தில் அவை வேலை செய்யாது என்பதுதான் அவற்றின் பலம்.

பணம் போய்விட்டது. சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் அழையுங்கள், பரிவர்த்தனையின் யூடிஆர் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்தப்பட வாய்ப்பு. வங்கிக் கணக்கு மாறியது என்று எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் எண்ணில் அழைத்து உறுதிசெய்யுங்கள்.

## அறிகுறி 6: கிளவுட் பில் எகிறிவிட்டது

ஏடபிள்யூஎஸ்ஸை வைத்துச் சொல்கிறோம். மற்றவற்றிலும் வரிசை இதேதான்.

பில்ஸ் பக்கத்தில் சேவைவாரியாகவும் பகுதிவாரியாகவும் (ரீஜன், அதாவது சர்வர்கள் இருக்கும் ஊர்) விரித்துப் பாருங்கள்.

கூடிய தொகை நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் பகுதியில் இருக்கிறது. பெரும்பாலும் திருட்டு இல்லை. இலவசக் காலம் முடிந்திருக்கும். சோதனைக்குத் திறந்த நாட் கேட்வே (உள் சர்வர்கள் இணையத்துக்குப் போகும் வழி) மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஸ்னாப்ஷாட்கள் (டிஸ்க்கின் நகல்கள்) குவிந்திருக்கும். பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் 2024 பிப்ரவரி 1 முதல் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் சுமார் 3.6 டாலர்.

மும்பையில் மட்டும் வேலை செய்கிறீர்கள், ஆனால் வேறு கண்டங்களில் பெரிய பெரிய இயந்திரங்கள் ஓடுகின்றன. கணக்கை நிரல் வழியாக இயக்கும் சாவி (ஆக்சஸ் கீ) திருடுபோய், கிரிப்டோ நாணயம் தோண்ட ஓட்டுகிறார்கள். இயந்திரங்களை அழிக்க ஓடாதீர்கள். சாவி திருடியவர் கையில் இருக்கும்வரை பத்து நிமிடத்தில் மறுபடி திறந்துவிடுவார்.

கணக்கில் நடப்பதைப் பதிவு செய்யும் கிளவுட்ட்ரெயிலில் ஈவென்ட் ஹிஸ்டரி திறந்து, அந்தப் பகுதியில் "ரன் இன்ஸ்டன்சஸ்" நிகழ்வைத் தேடுங்கள். எந்த ஆக்சஸ் கீ என்று தெரியும். ஏகேஐஏ என்று தொடங்கினால் நிலையான சாவி: ஐஏஎம் (பயனர்கள், அனுமதிகள்) பக்கத்தில் "இன்ஆக்டிவ்" ஆக்குங்கள், அழிக்க வேண்டாம், விசாரணைக்கு வேண்டும், உங்கள் சொந்த சர்வர் எதுவும் நின்றுவிட்டால் திருப்பியும் போடலாம். ஏஎஸ்ஐஏ என்று தொடங்கினால் தற்காலிகச் சாவி: அதைக் கொடுத்த ரோலில் (அனுமதிகளின் தொகுப்பு) "ரிவோக் ஆக்டிவ் செஷன்ஸ்" அழுத்துங்கள். ரூட் எனப்படும் முதன்மைக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றி எம்எஃப்ஏ (இருபடிச் சரிபார்ப்பு) போடுங்கள். ரூட்டுக்கு ஆக்சஸ் கீ இருக்கவே கூடாது.

பிறகு திருடியவர் விட்டுப்போன கதவுகள்: "கிரியேட் யூசர்", "கிரியேட் ஆக்சஸ் கீ", "கிரியேட் லாகின் ப்ரொஃபைல்" நிகழ்வுகளைத் தேடுங்கள். புதிய ரோல்களை யார் பயன்படுத்தலாம் என்று சொல்லும் நம்பிக்கைக் கொள்கையில் தெரியாத கணக்கு எண் இருக்கிறதா? தெரியாத லாம்டா (தானாக ஓடும் சிறு நிரல்) இருக்கிறதா? இதற்குப் பின்தான் இயந்திரங்களை நிறுத்த வேண்டும். டெர்மினேஷன் பாதுகாப்பு போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். இயல்பாகத் திறந்திருக்கும் 17 பகுதிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஈவென்ட் ஹிஸ்டரி 90 நாள்தான் நிற்கும், பகுதிவாரியாகவே காட்டும்.

அன்றே "அக்கவுன்ட் அண்ட் பில்லிங்" பிரிவில் சப்போர்ட் கேஸ் திறங்கள். இதற்குக் கட்டணத் திட்டம் தேவையில்லை. செய்ததையெல்லாம் தேதியோடு எழுதி, தள்ளுபடி கேளுங்கள்.

சாவி எங்கே கசிந்தது என்று தெரியாமல் முடித்துவிடாதீர்கள். நிரல்களைச் சேமிக்கும் கிட் களஞ்சியத்தில் பொதுவில் போட்டு பிறகு அழித்திருந்தாலும் பழைய கமிட்டில் (முந்தைய பதிவு) இருக்கும். மொபைல் செயலிக்குள் பொதித்திருக்கலாம். இணையதளத்தின் சாவிகளை வைக்கும் டாட்என்வி (.env) கோப்பு வெளியே தெரியலாம். நான்காவது வழி 169.254.169.254 என்ற உள்முகவரி: தளத்தில் உள்ள ஒரு ஓட்டை வழியாக சர்வரையே அந்த முகவரியைக் கேட்கவைத்து ரோலின் சாவியை எடுப்பது. 2019இல் அமெரிக்காவின் கேப்பிட்டல் ஒன் வங்கியில் சுமார் 10 கோடி பேரின் விவரங்கள் போனது இந்த வழியில்தான். இந்த வழியைக் கடினமாக்க அதே ஆண்டு வந்த ஐஎம்டிஎஸ்வி2 என்ற அமைப்பை ஒவ்வொரு இயந்திரத்திலும் "ரிக்வயர்டு" ஆக்குங்கள்.

பட்ஜெட் எச்சரிக்கை அவசியம் வையுங்கள். ஆனால் அது சில மணி நேரம் தாமதமாகத்தான் சொல்லும். செலவைத் தானாக நிறுத்தவும் செய்யாது.

சாவி கசிந்த இடம் ஒரு நாளில் தெரியவில்லை, அல்லது அந்தச் சாவிக்கு வாடிக்கையாளர் தரவைத் திறக்கும் அனுமதி இருந்தது என்றால் நிபுணரைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய சம்பவத்தை நிறுவனங்கள் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

## அறிகுறி 7: நம் கோப்பு வெளியாருக்குத் திறக்கிறது

கோப்பின் இணைப்பை இன்காக்னிடோ ஜன்னலில் திறந்து பாருங்கள். திறந்தால் பொதுவில் இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பான எஸ்3 என்றால் கணக்கு முழுவதற்குமான "பிளாக் பப்ளிக் ஆக்சஸ்" போடுங்கள். 2023 ஏப்ரல் முதல் புதிய பக்கெட்டுகளுக்கு (எஸ்3இன் சேமிப்புப் பெட்டிகள்) இது தானாகவே வரும். அதற்கு முன் திறந்தவற்றைத்தான் தேட வேண்டும். தளத்தின் படங்கள் நின்றுபோனால் பக்கெட்டைத் திறக்காமல் ஏடபிள்யூஎஸ்ஸின் விநியோகச் சேவையான கிளவுட்ஃப்ரன்ட் வழியாகக் கொடுங்கள். கூகுள் டிரைவில் "இணைப்பு உள்ள எவரும்" என்று பகிர்ந்த ஆதார், பான் நகல்களையும் இதே கையோடு பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி 8: பகிர்ந்த டிரைவில் கோப்புகள் பெயர் மாறுகின்றன, திறக்கவில்லை

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிரலாக இருக்கலாம். கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியை ஷட்டவுன் செய்ய வேண்டாம். நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும். வலையிலிருந்து பிரிக்கவே முடியாவிட்டால் மட்டும் பவரை அணையுங்கள். மற்ற எல்லாக் கணினிகளிலும் டிரைவ் சிங்க்கை நிறுத்துங்கள்.

கிளவுடில் பழைய பிரதி பெரும்பாலும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் 365இன் ஒன்டிரைவை முழுதாக 30 நாளுக்குள் எந்த நேரத்துக்கும் திருப்பலாம். கூகுள் டிரைவில் ஒவ்வொரு கோப்பிலும் "மேனேஜ் வெர்ஷன்ஸ்". 30 நாள் அல்லது 100 பிரதி வரை. அழிக்கப்பட்டுக் குப்பைத்தொட்டியும் காலியாகியிருந்தால், வொர்க்ஸ்பேஸ் நிர்வாகி 25 நாளுக்குள் மீட்கலாம்.

உள்ளே வந்த வழி சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் ஒன்றே: கணக்கர் வீட்டிலிருந்து டேலி பார்க்க ரூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டைத் திறந்து வைத்தது. போர்ட் எண்ணை மாற்றி வைப்பது பாதுகாப்பு ஆகாது. போர்ட் ஃபார்வர்டிங் பட்டியலை முழுதும் காலி செய்து, யூபிஎன்பியை (சாதனங்கள் தாமே போர்ட் திறக்க விடும் வசதி) அணைத்து, வெளியிலிருந்து வருபவருக்கு விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி வழி) கொடுங்கள்.

பேக்கப் பிரதியும் பூட்டப்பட்டிருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பூட்டிய கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் அழிக்காதீர்கள். எந்த வகைப் பூட்டு என்று கண்டுபிடிக்க அவை வேண்டும். சில வகைகளுக்கு இலவசத் திறப்பான்கள் "நோ மோர் ரான்சம்" தளத்தில் உள்ளன. வருபவரிடம் ரூட்டர் பட்டியலின் படம், நேரக் குறிப்பு, பூட்டிய கோப்பு ஒன்று, அதே கோப்பின் பழைய நல்ல பிரதி ஒன்று ஆகியவற்றைக் கொடுங்கள்.